ஹார்ட் டிஸ்க் வாங்குவதற்கு முன்னால்: சர்வருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் நம்பகமான பேக்கப் முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சர்வர், அதோடு ஐந்திலிருந்து இருபது கம்ப்யூட்டர்கள் இருக்கும் அலுவலகங்களுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் அரிசி ஆலை, ஆடிட்டர் அலுவலகம், நகைக்கடை, பள்ளி, கிளினிக், அச்சகம் எல்லாம் பெரும்பாலும் இந்த அளவுதான்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் இடறும் இடம் ஒன்றுதான். முதல் நாளே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அதில் எதைப் போடலாம் என்று யோசிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். சர்வர் போன பிறகு அலுவலகம் எப்படி மறுபடி ஓட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு எந்தப் பிரதி வேண்டும், அதை எந்த மென்பொருள் எடுக்கும், எந்தப் பெட்டியில் வைப்பது என்று அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். டிஸ்க் வாங்குவது கடைசி வேலை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு, பில்லிங் மென்பொருள் போட்டுக்கொடுத்தவரின் போன் எண், இணைய இணைப்பின் உண்மையான அப்லோடு வேகம். வேகத்தை பிளான் பேப்பரில் பார்க்காதீர்கள். வேலை நேரத்தில் ஒரு முறை, இரவில் ஒரு முறை அளந்து பாருங்கள்.

இவற்றோடு உபரியாக ஒரு கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வேண்டும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஓடினால் போதும். எடுத்த பேக்கப்பை அதில் திறந்து பார்த்துத்தான் எந்த முறை சரி என்று தீர்மானிக்கப் போகிறோம். அது கிடைக்காத வரை வேலையைத் தொடங்காதீர்கள்.

2. எது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்து, அதில் வேலை செய்பவரைக் கேட்டு எழுத வேண்டும். சர்வர் அறையில் இருந்தபடியே எழுதும் பட்டியல் பாதிதான் சரியாக இருக்கும். “எல்லாம் சர்வர்லதான் இருக்கு சார்” என்று உரிமையாளர் சொல்வார். கணக்கு எழுதுகிற பெண்ணைக் கேட்டால், ஐந்து வருட சம்பளப் பட்டியல் எக்செல் அவர் டெஸ்க்டாப்பில் இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் பிடிஎஃப்கள் கிடக்கும். அவுட்லுக் மெயில் முழுவதும் ஒரே பிஎஸ்டி ஃபைலில் இருக்கும்.

ஃபைல் அல்லாத பொருட்களையும் இந்தத் தாளில் சேருங்கள். மென்பொருள் லைசன்ஸ் எண்கள், பிரின்டர் டிரைவர், ரவுட்டர் செட்டிங் எல்லாம் இதில் வரும். அச்சகங்களிலும் பத்திரம் எழுதும் அலுவலகங்களிலும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் திறந்தால் புரியாத எழுத்துக் குவியல்தான் தெரியும். ஃபைல் பத்திரமாகத் திரும்பி வந்தும் வேலைக்கு ஆகாது. ஃபான்ட் ஃபோல்டரையும் பிரதி எடுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை (பென்டிரைவ் போலச் செருகும் சாதனம்) மட்டும் பேக்கப் எடுக்க முடியாது. அதன் ரகசியச் சாவி டோக்கனை விட்டு வெளியே வராதபடிதான் செய்திருக்கிறார்கள். அது தொலைந்தால் புதிதாக வாங்க வேண்டியதுதான் என்று தாளில் குறித்துவையுங்கள்.

விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பல லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டும் வசதி, தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கும். அது யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்பதை இப்போதே கண்டுபிடித்து, அச்செடுத்து வையுங்கள்.

3. உரிமையாளரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

எவ்வளவு வேலை போனால் தாங்கும்? எவ்வளவு நேரம் அலுவலகம் நின்றால் தாங்கும்?

இரண்டுக்கும் பதில் தொழிலுக்குத் தொழில் மாறும். பண்டிகை நேரத்து நகைக்கடையில் ஒரு மணி நேர பில் போனாலே சிக்கல். பள்ளி அலுவலகத்தில் ஒரு நாள் பதிவை மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆடிட்டர் அலுவலகம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு வரும் மாதம் 11, 20 தேதிகளை ஒட்டி நிற்கவே கூடாது. அரிசி ஆலைக்கு சம்பா அறுவடை நெல் வந்து இறங்கும் தை, மாசியில் எடை ரசீது பதிவு நின்றால் வாசலில் லாரி நிற்கும்.

“ஒண்ணுமே போகக்கூடாது, உடனே வரணும்” என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அதற்கு ஆகும் செலவைச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள், உண்மையான பதில் வரும். ஒரு நாள் இழப்பு தாங்கும் என்றால் இரவில் ஒரு பேக்கப் போதும். ஒரு மணி நேரம்தான் தாங்கும் என்றால், டேட்டாபேஸை (மென்பொருள் தன் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இடம்) மட்டும் மணிக்கு ஒரு முறை தனியாக எடுக்க வேண்டியிருக்கும். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதே இந்தப் பதிலை வைத்துத்தான்.

4. பேக்கப் என்று நம்பப்படும், ஆனால் பேக்கப் அல்லாதவை

ரெய்டு: இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவல் இருப்பதால் ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் ஓடும். ஆனால் யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும். ரெய்டு சர்வர் நிற்காமல் இருப்பதற்கு. பழையதைத் திரும்ப எடுக்க அது உதவாது.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க்: இங்கே மாறியது அங்கேயும் மாறும், கெட்டுப்போன ஃபைல் உட்பட. பழைய பதிப்புகளைக் கொஞ்ச காலம் வைத்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேலி ஃபோல்டரை சிங்க்கில் வைப்பது ஆபத்து. பாதி மாறிய ஃபைல்கள் மேலே போகும்.

சர்வரிலேயே எப்போதும் செருகியிருக்கும் யூஎஸ்பி டிஸ்க்கை அரைப் பேக்கப் என்று சொல்லலாம். டிஸ்க் பழுதுக்கு உதவும். இடி, திருட்டு, ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) மூன்றுக்கும் உதவாது. சர்வருக்கு என்ன ஆகிறதோ அதுவே அதற்கும் ஆகும்.

5. பிரதிகள் எத்தனை, எந்த ஊரில்

பொதுவான விதி தெரிந்ததுதான்: மொத்தம் 3 பிரதி, 2 வகைச் சாதனம், அதில் 1 வெளியிடத்தில். டெல்டாவில் ‘வெளியிடம்’ என்பதை மட்டும் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் ஒரே நாளில் அடி வாங்கின. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நாகையில் கடை, திருவாரூரில் மைத்துனர் வீட்டில் பேக்கப் டிஸ்க் என்று வைத்திருந்தால் அந்த வாரம் இரண்டு இடமும் இருட்டில்தான். தீ, திருட்டு இரண்டுக்கும் அடுத்த தெருவே போதும். புயலுக்கும் வெள்ளத்துக்கும் அடுத்த ஊர்கூடப் போதாது.

அதனால் நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது: அலுவலகத்துக்குள் ஒரு பேக்கப் பெட்டி (பேக்கப்பை மட்டும் வைக்கும், நெட்வொர்க்கில் இணைந்த தனிக் கம்ப்யூட்டரோ சேமிப்புப் பெட்டியோ), வாரா வாரம் மாற்றி எடுத்துப் போகும் இரண்டு யூஎஸ்பி டிஸ்க்குகள், டெல்டாவுக்கு வெளியே ஒரு பிரதி. அது திருச்சியிலோ சென்னையிலோ உள்ள கிளை அலுவலகமாக இருக்கலாம், கிளவுடாகவும் இருக்கலாம்.

கிளவுட் என்றால் முதலில் கணக்குப் போடுங்கள். அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பி. 500 ஜிபி ஏற 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் லைன் ஒரு முறைகூட விழாமல் இருந்தால். எனவே முழு கம்ப்யூட்டரையும் மேலே அனுப்பாதீர்கள். டேட்டாபேஸ், கணக்கு, ஆவணங்கள் மட்டும் போகட்டும். முதல் பிரதி ஏறிய பிறகு தினமும் மாறியது மட்டும்தான் போகும், அது சில நிமிட வேலை. திரும்ப இறக்குவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

நிறுவனம் கம்பெனிச் சட்டத்தில் பதிவானது என்றால், மின்னணு கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு விதி. மும்பை, ஹைதராபாத் என்று டேட்டா சென்டரை நாமே தேர்ந்தெடுக்க முடிகிற சேவையாகப் பாருங்கள்.

பெட்டி வைக்கும் இடமும் முக்கியம். தரைத்தளத்தில் மேசைக்கு அடியில் வைக்க வேண்டாம், மாடி இருந்தால் அங்கே வையுங்கள். சர்வரும் பேக்கப் பெட்டியும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கக் கூடாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று கனெக்டரை அரித்துவிடும். எடுத்துப் போகும் டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அலமாரியில் நீண்ட நாள் தூங்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதில் உள்ள தகவல் காலப்போக்கில் மங்கலாம். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே போதும்.

6. எடுக்கும் விதம்: ஃபைல், இமேஜ், டேட்டாபேஸ்

இமேஜ் என்பது விண்டோஸ், மென்பொருள், செட்டிங் எல்லாம் சேர்த்து முழு டிஸ்க்கின் பிரதி. கம்ப்யூட்டர் செத்தால் புது டிஸ்க்கில் அப்படியே இறக்கலாம். ஃபைல் பேக்கப் சிறியது, வேகமானது. ஆனால் விண்டோஸையும் மென்பொருளையும் மறுபடி போட்டு உட்கார வேண்டும்.

என் முடிவு: சர்வருக்கும், பில்லிங் ஓடும் கவுண்டர் கம்ப்யூட்டருக்கும் இமேஜ். மற்றவற்றுக்கு ஃபைல் மட்டும். எல்லா கம்ப்யூட்டருக்கும் தினமும் இமேஜ் எடுக்கப் போனால் நெட்வொர்க் இரவு முழுக்க மூச்சு வாங்கும். பழைய கடைகளில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் இன்னும் 100 எம்பிபிஎஸ்தான். 300 ஜிபி அதில் போக ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கிகாபிட் சுவிட்ச் மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இது.

டேட்டாபேஸ் தனிக் கதை. பலர் இங்கேதான் விழுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை காப்பி செய்தால் பாதி பழையது, பாதி புதியது கலந்து வரும். எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) என்றால் அதன் சொந்த பேக்கப் கட்டளையால் எடுங்கள். இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் நேரம் வைத்து ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, அதனால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட வேண்டும். மையெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் என்றால், அதோடு வரும் பேக்கப் கருவியான மையெஸ்க்யூஎல்டம்ப்பை ‘சிங்கிள் டிரான்சாக்‌ஷன்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். புதிய பதிப்பு எஸ்க்யூஎல் சர்வரில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள். உபரி லேப்டாப்பில் அதே பதிப்போ அதைவிடப் புதியதோ இருக்கட்டும்.

டேலி என்றால், எல்லோரும் கம்பெனியை (டேலியில் ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு இதுதான் பெயர்) மூடிய பிறகு அதன் சொந்த பேக்கப் வசதியில் எடுங்கள். பேக்கப் கோப்பு டேலி இருக்கும் டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

7. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

இந்த இடத்துக்கு வருவதற்குள் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்திருக்கும். எந்த மென்பொருளையும் இந்த வரிசையில் விசாரியுங்கள்: ஒரு ஃபைலை மட்டும் எடுக்க முடியுமா? வேறு மாடல் கம்ப்யூட்டரில் இமேஜ் இறங்குமா? தோல்வி அடைந்தால் மெயில் அனுப்புமா? என்கிரிப்ட் செய்யுமா? மென்பொருளின் சந்தா முடிந்த பிறகும் பழைய பேக்கப்பைத் திறக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு இழுத்துப் பதில் வந்தால் அந்த மென்பொருள் வேண்டாம்.

ஒன்றிரண்டு விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு போதும். இமேஜும் எடுக்கும், மீட்பு பென்டிரைவும் செய்து தரும். பத்து கம்ப்யூட்டருக்குள் என்றால் வீமின் கம்யூனிட்டி எடிஷனில் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், லினக்ஸ் கொஞ்சம் தெரிந்தவர் இருந்தால் அர்பேக்கப் நல்லது. ஓபன் சோர்ஸ், ஒரு பழைய கம்ப்யூட்டரையே பேக்கப் சர்வர் ஆக்கிவிடலாம். லினக்ஸ் சர்வருக்கும் கிளவுட் பிரதிக்கும் ரெஸ்டிக் என் விருப்பம். எப்போதும் என்கிரிப்ட் செய்தே வைக்கும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். சினாலஜி நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டி ஏற்கெனவே இருந்தால் அதோடு வரும் ஆக்டிவ் பேக்கப்பை முதலில் முயன்று பாருங்கள்.

என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு தொலைந்தால் ரெஸ்டிக் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது. அந்த பாஸ்வேர்டை சர்வரில் மட்டும் சேமித்து வைப்பவர்கள் உண்டு. சர்வர் போகும் நாளில் சாவியும் சேர்ந்தே போய்விடும். காகிதத்தில், இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள்.

8. ரான்சம்வேரிலிருந்து பேக்கப்பைப் பிரித்து வைப்பது

ரான்சம்வேர் நெட்வொர்க் டிரைவ், செருகிய டிஸ்க், விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் பழைய பதிப்புகளான ஷேடோ காப்பி எல்லாவற்றையும் தேடிப்போய் அழிக்கும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பேக்கப் ஃபோல்டர் இசட் டிரைவாகத் தெரிகிறது என்றால், அந்தக் கம்ப்யூட்டரில் நுழைந்த வைரஸுக்கும் தெரியும்.

அதனால் பேக்கப் பெட்டிக்குத் தனி யூசர், தனி பாஸ்வேர்டு. அலுவலக டொமைனில் (எல்லா கம்ப்யூட்டர்களின் யூசர், பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) அதைச் சேர்க்காதீர்கள். பேக்கப் ஃபோல்டரை யாருக்கும் டிரைவாகக் காட்டாதீர்கள், மென்பொருள் மட்டும் உள்ளே போகட்டும். யூஎஸ்பி டிஸ்க்கை எடுத்து முடித்ததும் கழற்றுங்கள். கிளவுடில் ஆப்ஜெக்ட் லாக் வசதி இருந்தால் போடுங்கள், குறித்த நாள் வரை யாராலும் அழிக்க முடியாது.

யூஎஸ்பி டிஸ்க்கில் ஒரு சின்னச் சிக்கல் அடிக்கடி வரும். அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, பேக்கப் பாதியில் நிற்கும். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

9. எத்தனை நாள் பழையதை வைத்திருப்பது

கடைசிப் பேக்கப்பின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போனால், தவறு கண்ணில் படும்போது நல்ல பிரதி மிஞ்சியிருக்காது. ஏப்ரலில் அழிந்த ஒரு லெட்ஜரை செப்டம்பரில், ஆடிட் நெருங்கும்போதுதான் தேடுவார்கள். தினப் பிரதி 14, வாரப் பிரதி 8, மாதப் பிரதி 12 என்று தொடங்குங்கள். இதற்கு மேல் மார்ச் 31 கணக்கு முடித்த பிரதி ஒன்றை ஆண்டுதோறும் தனியாக எடுங்கள். கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம்.

10. வாங்குவதற்கு முன் மீட்டுப் பாருங்கள்

இரண்டு மென்பொருளைச் சோதனைப் பதிப்பில் போட்டு, இரண்டிலும் பேக்கப் எடுத்து, உபரி லேப்டாப்பில் இறக்குங்கள். எது சொதப்பாமல் இறங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலும் வசதிப்பட்டியலும் இதற்கு அப்புறம்தான்.

டேலி கணக்கை மீட்டுப் பார்க்கும் முறை இது. சர்வரில் கடைசியாகப் போட்ட வவுச்சர் எண்ணையும், டிரையல் பேலன்ஸ் மொத்தத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உடனே பேக்கப் எடுங்கள். லேப்டாப்பை நெட்வொர்க்கிலிருந்து கழற்றுங்கள். செருகியே இருந்தால் அது சர்வரில் உள்ள கணக்கையே திறந்து காட்டி உங்களை ஏமாற்றலாம். புதிதாக ஒரு காலி ஃபோல்டர் போட்டு அதில் ரீஸ்டோர் செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கும் கம்பெனியின் மேல் இறக்கினால் பழைய பிரதி புதிய கணக்கை விழுங்கிவிடும். கம்பெனியைத் திறந்து டே புக்கின் கடைசி வவுச்சரையும், டிரையல் பேலன்ஸையும் தாளோடு ஒப்பிடுங்கள். பைசா வரை பொருந்த வேண்டும். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறியுங்கள். அது மூன்றாவது பகுதியில் உரிமையாளர் சொன்ன நேரத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இமேஜ் என்றால் மீட்பு பென்டிரைவில் லேப்டாப்பை பூட் செய்து பாருங்கள். டிஸ்க்கோ நெட்வொர்க் கார்டோ தெரியவில்லை என்றால் டிரைவரைச் சேர்த்து பென்டிரைவை மறுபடி செய்யுங்கள். மழைக்காலத்தில் கரன்ட் இல்லாத நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல இது.

பிறகு மாதம் ஒரு முறை ஒரு ஃபைல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை டேட்டாபேஸ், ஆண்டுக்கு ஒரு முறை முழு சர்வர். முழு சர்வரை இங்கே புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன். மின்சாரம் வாரக்கணக்கில் இல்லாவிட்டாலும், லேப்டாப்பில் கணக்கு திறக்கிறது என்றால் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுக்கூட அலுவலகத்தை நடத்தலாம்.

11. தினமும் பார்ப்பவர் யார்

ஒருவர் பெயரை எழுதுங்கள், அவர் விடுப்பில் போனால் பார்க்க இன்னொருவர் பெயரையும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

காலையில் வந்ததும் அவர் பார்க்க வேண்டியது பச்சை டிக்கை மட்டும் அல்ல. பேக்கப்பின் அளவையும் பார்க்க வேண்டும். நேற்று வரை 42 ஜிபி இருந்தது இன்று 3 ஜிபி என்றால், பச்சை டிக் இருந்தாலும் ஏதோ ஒரு ஃபோல்டர் விட்டுப்போயிருக்கிறது. ‘எச்சரிக்கையோடு முடிந்தது’ என்ற வரியையும் திறந்து படிக்க வேண்டும். அவுட்லுக்கை மூடாமல் வீட்டுக்குப் போனதால் பிஎஸ்டி ஃபைல் திறக்கவில்லை என்று மாதக்கணக்கில் அதே வரி சொல்லிக்கொண்டிருக்கும்; யாரும் படித்திருக்க மாட்டார்கள். தோல்வி மெயில் யாரும் திறக்காத பொது முகவரிக்குப் போகாமல், இந்த இருவரின் போனுக்கு வரும்படி வையுங்கள்.

புதிய கம்ப்யூட்டர் வாங்கினாலோ புதிய மென்பொருள் போட்டாலோ அன்றே இரண்டாம் பகுதியின் தாளில் சேருங்கள். அந்தத் தாள், மீட்கும் முறை, பாஸ்வேர்டுகள் மூன்றையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, ஒரு நகலை உரிமையாளர் வீட்டு லாக்கரிலும் இன்னொன்றை ஊருக்கு வெளியே உள்ள பிரதி இருக்கும் இடத்திலும் வையுங்கள். பாஸ்வேர்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு உறைகளையும் மாற்ற வேண்டும்.